நான்கு தறி வைத்திருப்பவரும் முதலாளியே

நம் சங்க அங்கத்தினர்களுள் பெரும்பாலோர் தம்மை முதலாளி என்று எண்ணிக்கொள்வதில்லை. மில் வைத்திருப்பவரும் எஸ்டேட் வைத்திருப்பவருமே முதலாளிகள் என்பதும், சங்கத்தில் நூல் வாங்கிச் சேலை நெய்து கொடுப்பவர் எந்நாளும் தொழிலாளியே என்பதும் அவர்களுடைய எண்ணம். தம் கையாலேயே ஒரு தறியில் நெய்கிறவர் வரையில் இவ்வெண்ணம் சரியானதே. அவர் இரண்டாவது தறியைப் போட்டு, அதில் உட்கார ஒருவரைக் கூலிக்கு அமர்த்திய அன்றே நிலைமை மாறிவிடுகிறது. கரும்பு வெட்டவோ கடலை பிடுங்கவோ ஆள் வைக்கும் விவசாய அங்கத்தினருக்கும் இதே கதிதான்.

கூலி கொடுப்பது பற்றிய சட்டங்கள் நெடுங்காலம் பலவாக இருந்தன. 1936-ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டம், 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம், 1965-ஆம் ஆண்டின் போனஸ் சட்டம், 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் ஆகிய நான்கையும் ஒன்றாகத் திரட்டி 2019-இல் ஊதியத் தொகுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அது 21-11-2025 அன்று நடைமுறைக்கு வந்தது. பழைய 1948-ஆம் ஆண்டுச் சட்டம் அட்டவணையில் சேர்க்கப்பட்ட தொழில்களுக்கு மட்டுமே குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்க இடம் தந்தது. புதிய சட்டத்தில் அந்த அட்டவணை இல்லை. எல்லாத் தொழிலுக்கும் குறைந்தபட்சக் கூலி உண்டு. எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்ற கேள்வியும் இதில் எழாது. ஒரே ஓர் ஆளை வைத்திருப்பவரும் இந்தச் சட்டத்துக்கு உட்பட்டவரே.

இதை எழுதுபவன் கூட்டுறவு ஆய்வாளன். தொழிலாளர் துறை அதிகாரி அல்லன். ஆயினும் சங்கத்தின் கணக்கைப் பார்க்கப் போகுமிடங்களில் அங்கத்தினரின் சொந்தக் கூலிப் புத்தகங்களும் கண்ணில் படுகின்றன. அவற்றில் திரும்பத் திரும்பக் காணப்படும் சில சங்கதிகளையே இங்கு விளக்க விரும்புகிறேன்.

முதலாவது, உருப்படிக் கூலிக்குக் குறைந்தபட்சக் கூலி பொருந்தாது என்ற நம்பிக்கை. "நான் நாள் சம்பளம் கொடுக்கவில்லை, சேலைக்கு இவ்வளவு என்று பேசியிருக்கிறேன்" என்பார்கள். சட்டம் இதற்கு வழி வகுத்திருக்கிறது. ஒரு வேலைக்கு உருப்படி விகிதத்தில் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்திருந்தால் அதைக் கொடுக்க வேண்டும். அப்படி நிர்ணயிக்காமல் நாள் விகிதம் மட்டும் நிர்ணயித்திருந்தால், உருப்படிக்கு நெய்பவருக்கும் அந்த நாள் விகிதத்துக்குக் குறையாமல் கிடைக்க வேண்டும்.

இதைக் கணக்கிடுவதில்தான் பிழை நேர்கிறது. உதாரணத்துக்காக மட்டும் சில தொகைகளை வைத்துக்கொள்வோம். நாள் விகிதம் 500 ரூபாய் என்க. ஒரு பாவில் மூன்று சேலை இறங்குகிறது. சேலைக்கு 12 நாள் நெசவு. கூலி 6,300 ரூபாய். பன்னிரண்டால் வகுத்தால் நாளொன்றுக்கு 525 ரூபாய் வருகிறது. விகிதத்துக்கு மேல் கொடுக்கிறோம் என்று தறிக்காரர் திருப்தி அடைகிறார். ஆனால் பாவைப் பிணைத்து, நீட்டி, அச்சும் விழுதும் சரி பார்த்து முதல் ஊடை போடும் வரை மூன்று நாள் சென்றதே, அது எங்கே போயிற்று? மூன்று சேலைக்கு 36 நாளும், முன்வேலைக்கு 3 நாளும் சேர்ந்து 39 நாள். கிடைத்த கூலி 18,900 ரூபாய். நாள் விகிதப்படி வர வேண்டியது 19,500 ரூபாய். ஒரு பாவுக்கு 600 ரூபாய் குறைகிறது. நெசவாளியின் மனைவியே தார் சுற்றித் தந்திருந்தால் அவ்வுழைப்புக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. 2019-20-இல் எடுத்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் கைத்தறித் தொழிலில் உள்ளவர் சுமார் 35 லட்சம் பேர். அவர்களில் நூற்றுக்கு 72 பேர் பெண்கள். நம் புத்தகங்களிலோ பெண்களின் பெயர் மிக அரிதாகவே காணப்படுகிறது.

இரண்டாவது, கூலி கொடுக்கும் நாள். தினக்கூலியை அன்றைய வேலை முடிந்ததும், வாரக்கூலியை வாரத்தின் கடைசி வேலை நாளிலும், பதினைந்து நாள் கூலியை அதற்கடுத்த இரண்டு நாட்களுக்குள்ளும், மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள்ளும் கொடுத்தாக வேண்டும். கூலிக் காலம் ஒரு மாதத்துக்கு மேற்படக் கூடாது. ஆகவே, "பாவு அறுத்த பிறகு மொத்தமாகக் கணக்குப் பார்க்கலாம்" என்னும் வழக்கம், பாவு 39 நாள் ஓடும்போது சட்டத்துக்குப் பொருந்தாது. சேலை இறங்க இறங்கக் கூலி கொடுத்து வருவதே முறை.

அப்படியானால் வாரந்தோறும் நெசவாளி வாங்கும் செலவுக்காசு என்னவாகிறது? பல புத்தகங்களில் அதை முன்பணக் கலத்தில் எழுதுகிறார்கள். சனிக்கிழமை 1,500 ரூபாய் வாங்கினால் முன்பணம் 1,500 ரூபாய் ஏறுகிறது. சேலை இறங்கும்போது அதைக் கழிக்கிறார்கள். சில சமயம் கழிக்க மறந்தும் போகிறார்கள். உண்மையில் அந்த வாரம் ஆறு நாள் உழைத்தவர் வாங்கியது தாம் ஏற்கெனவே சம்பாதித்த கூலியில் ஒரு பகுதியேயன்றிக் கடன் அன்று. அதைக் கூலிக் கலத்திலேயே, 'பகுதிக் கூலி' என்று எழுத வேண்டும். இது வெறும் எழுத்து வித்தியாசம் என்று தோன்றலாம். உழைத்துப் பெற்ற பணமெல்லாம் கடனாகப் பதிவாகிவிட்டால், ஐந்தாண்டு நெய்த பின்னும் அந்த மனிதர் கடன்காரராகவே காட்சியளிப்பார்.

முன்பணம்

நெசவு ஊர்களில் முன்பணம் இல்லாமல் தறிக்கு ஆள் கிடைப்பது அரிது என்பதை நான் அறியாமல் இல்லை. பெண் கல்யாணம், வைத்தியச் செலவு, வீட்டுக் கூரை என்று தேவை எழும்போது நெசவாளி முதலில் போய் நிற்பது தறிக்காரர் வாசலில்தான். கொடுப்பதில் தவறில்லை. தறிக்காரர் கொடுக்காவிட்டால் அவர் இன்னும் மோசமான இடத்தில் வாங்குவார். கொடுத்த பணத்துடன் எந்த நிபந்தனையைச் சேர்க்கிறோம் என்பதே கேள்வி.

ஓர் ஊரில் நடப்பதாக எண்ணிப் பாருங்கள். நெசவாளி வந்து, "அண்ணே, தீபாவளி கழிந்ததும் என் மாமன் ஊரில் தறி போடப் போகிறேன், கணக்கைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்கிறார். தறிக்காரர், "60,000 பாக்கியை வைத்துவிட்டு எங்கே தம்பி போகிறாய்? பணத்தை வைத்துவிட்டுப் போ" என்கிறார். இரண்டு பேருக்கும் இது நியாயமான பேச்சாகவே படும். கொடுத்த கடனைக் கேட்பது குற்றமா என்று தறிக்காரர் கேட்பார். கேட்பது குற்றம் அன்று. 'கடன் தீரும் வரை வேறு தறியில் உட்காரக் கூடாது' என்று தடுப்பதே குற்றமாகும்.

கொத்தடிமைத் தொழில்முறை ஒழிப்புச் சட்டம் 1976-ஆம் ஆண்டினது. இன்றும் நடைமுறையில் உள்ளது. முன்பணத்துக்கு ஈடாக ஒருவர் வேறிடத்தில் வேலை செய்யும் சுதந்திரத்தையோ, விரும்பிய இடத்துக்குப் போகும் உரிமையையோ, தம் உழைப்பைச் சந்தை விலைக்கு விற்கும் உரிமையையோ இழந்தால் அது கொத்தடிமை முறை என்று அச்சட்டம் கூறுகிறது. அந்த நிபந்தனை காகிதத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதில்லை. வாய்ப்பேச்சும் வழக்கமுமே போதும். அவ்வாறு தீர்மானமானால் கடன் முழுவதும் ரத்தாகிவிடும். கொடுத்தவருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. குறைந்தபட்சக் கூலிக்குக் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது, அரசியல் சட்டத்தின் 23-ஆம் பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1982-இல் தீர்ப்பளித்தது. ஆக, கூலி விகிதமும் குறைந்து முன்பணமும் நிற்குமானால் தறிக்காரரின் நிலை இரு மடங்கு ஆபத்தானது.

வேறொரு தறிக்காரர் வந்து பழைய பாக்கியைக் கட்டி ஆளை அழைத்துச் செல்லும் வழக்கமும் சில ஊர்களில் உண்டு. பெயர் நல்ல பெயர்தான்: 'பாக்கி தீர்த்துவிட்டார்'. ஆனால் நெசவாளியின் கடன் ஒரு காசும் குறையவில்லை; ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்குக் கடனும் ஆளும் சேர்ந்து போகின்றன. இதை நான் மிகவும் வெறுக்கிறேன் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

கொடுத்த பணத்தை எப்படித்தான் திரும்பப் பெறுவது? கொடுக்கும்போதே ஒரு சீட்டில் தொகை, தேதி, சேலைக்கு அல்லது மாதத்துக்கு எவ்வளவு கழிப்பது என்பதை எழுதி, ஒரு பிரதியை நெசவாளியிடம் தந்துவிட வேண்டும். வேலையை விட்டுப் போகிறவருக்கு, அவராக விலகினாலும் நாம் விலக்கினாலும், இரண்டு வேலை நாட்களுக்குள் கணக்குத் தீர்த்துக் கூலி கொடுக்க வேண்டும் என்பது புதிய சட்டத்தின் விதி. அந்தக் கடைசிக் கூலியிலும் வரம்புக்குள்தான் பிடிக்கலாம். எஞ்சிய பாக்கி சாதாரணக் கைமாற்றுக் கடனைப் போன்றது; தவணையில் வாங்கலாம், வராவிட்டால் சிவில் கோர்ட்டுக்குப் போகலாம், ஆளைத் தடுக்க மட்டும் கூடாது. ஆகையால் தவணையில் திரும்பக்கூடிய அளவுக்கு மேல் முன்பணம் கொடுக்காமலிருப்பதே தறிக்காரருக்கும் காப்பு. பெருந்தொகைக்கு நெசவாளியையே சங்கத்தில் அங்கத்தினராக்கிச் சங்கக் கடனுக்கு வழிகாட்டலாம். அங்கத்தினரானால் சேமிப்புப் பாதுகாப்புத் திட்டத்திலும் சேரலாம். அதில் கூலியில் ரூபாய்க்கு 8 காசு நெசவாளி செலுத்தினால், அரசு 4 காசு சேர்க்கிறது. நல்ல நெசவாளி அங்கத்தினராகிவிட்டால் தம் தறிக்கு ஆள் போய்விடுமே என்று அஞ்சும் தறிக்காரர்களும் உண்டு. போகத்தான் செய்வார்; சங்கம் ஏற்பட்டதே அதற்காகத்தான்.

பிடித்தங்களின் வரம்பு

வரம்பு என்று மேலே சொன்னேன். இதில் நம் சங்கங்களைத் தொடும் ஒரு மாறுதல் நேர்ந்திருக்கிறது. 1936-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒருவர் கூலியில் எல்லாப் பிடித்தமும் சேர்ந்து பாதிக்கு மேற்படக் கூடாது. ஆனால் கூட்டுறவுச் சங்கத்துக்குச் செலுத்தும் தொகையும் அதில் இருந்தால் முக்கால் பங்கு வரை பிடிக்கலாம் என்று தனிச் சலுகை இருந்தது. புதிய சட்டத்தில் அச்சலுகை இல்லை. சங்கக் கடனானாலும் வேறெதுவானாலும் பாதியே உச்சம். 12,000 ரூபாய் சம்பாதித்தவர் முன்பு 3,000 ரூபாயுடன் வீடு திரும்பலாம் என்றிருந்தது. இப்போது 6,000 ரூபாயாவது கையில் பெற்றே போக வேண்டும். தவணையைச் சம்பளத்தில் பிடித்து அனுப்பும் சங்கங்கள் தம் கடன் அளவுகளைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கும். வசூல் கொஞ்சம் தாமதப்படும் என்பது மெய்யே. ஆயினும், கடன் கொடுத்த சங்கமே அங்கத்தினரின் அடுப்பை அணைக்காமல் இருப்பது நல்லதென்றே எனக்குப் படுகிறது.

அபராதத்தை நினைத்தபோது போட முடியாது. எந்தெந்தக் குற்றத்துக்கு அபராதம் என்று அரசின் அனுமதி பெற்று முன்கூட்டியே அறிவித்திருக்க வேண்டும். அந்தக் காலத்துக் கூலியில் நூற்றுக்கு 3-க்கு மேற்படக் கூடாது. தவணையிலும் வசூலிக்கக் கூடாது. சிறு தறிக்காரருக்கு அபராதம் என்ற ஒன்றே வேண்டாம் என்பது என் யோசனை.

சேதத்துக்குப் பிடிப்பது வேறு. சேலையில் கறை, இழை விடுதல், அளவுக் குறைவு ஆகியவற்றுக்கு நேர்ந்த நஷ்டத்துக்கு மேற்படாமல் பிடிக்கலாம். ஆனால் அவர் அஜாக்கிரதையால் நேர்ந்ததா என்று அவரையே கேட்ட பிறகே பிடிக்க வேண்டும். இதில் மிகுந்த மனத்தாங்கலை உண்டாக்குவது நூல் எடைக் குறைவு. கொடுத்த பட்டின் எடையையும் திரும்பிய சேலை, கழிவு ஆகியவற்றின் எடையையும் ஒப்பிட்டுக் குறைந்தால் 'திருட்டு' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பட்டும் பருத்தியும் காற்றின் ஈரத்தை இழுக்கும் பொருள்கள் என்பதை யாரும் நினைப்பதில்லை. வியாபாரத்தில் ஒப்புக்கொண்ட ஈர அளவு, உலர்ந்த எடையின்மேல் பட்டுக்கு நூற்றுக்கு 11, பருத்திக்கு 8½. முற்றும் உலர்ந்த நிலையில் 900 கிராம் உள்ள பட்டு, நூற்றுக்கு 11 ஈரத்தில் 999 கிராம் நிற்கும். ஈரம் 8-ஆகக் குறைந்த வறண்ட நாளில் அதே பட்டு 972 கிராம்தான் நிற்கும். ஓர் இழையும் போகாமலே 27 கிராம் குறைந்துவிட்டது. ஐப்பசி மழையில் நிறுத்துக் கொடுத்து மாசி வெயிலில் நிறுத்து வாங்குபவர், இந்த வித்தியாசத்தைக் கூலியில் பிடித்தால் அது காற்றுக்குச் செய்த குற்றத்தை மனிதன்மேல் சுமத்துவதாகும். கொடுக்கும் நாளிலும் வாங்கும் நாளிலும் அதே இடத்தில் தனியாகத் தொங்கவிட்ட ஒரு சிட்டம் நூலையும் நிறுத்துக் குறித்துவந்தால் வித்தியாசம் உடனே விளங்கிவிடும். செலவில்லாத ஏற்பாடு.

விவசாய அங்கத்தினருக்குச் சில வார்த்தைகள். நாட்கூலி ஆள் வேலைக்கு வந்து, மழையினாலோ நீர் வராமையினாலோ மதியத்தோடு வேலை நின்றால், முழு நாள் கூலிக்கு அவர் உரியவர். அவரே வேலை செய்ய மனமில்லாமல் நின்றால்தான் உரிமை போகும். நெல்லாகக் கூலி அளப்பது பழைய வழக்கம். புதிய சட்டமோ நாணயம், நோட்டு, காசோலை, வங்கிக் கணக்கு, மின்வழி ஆகியவற்றையே கூலி கொடுக்கும் வழிகளாகச் சொல்கிறது. களத்தில் மனமுவந்து மேலாக அளப்பதை யாரும் தடுக்கவில்லை. கூலிக்குப் பதிலாக அளக்கக் கூடாது. ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்பதும் செல்லாது. மேஸ்திரியிடம் மொத்தப் பணத்தையும் தந்துவிட்டால் பொறுப்பு நீங்கிவிட்டது என்றும் எண்ண வேண்டாம். அவர் ஆட்களுக்குக் கொடுக்காமற்போனால் கேள்வி வேலைக்குச் சொந்தக்காரரிடமே வரும். அறுவடைக் கும்பலுக்குப் பணம் கொடுக்கும்போது ஆட்களின் பெயர்ப் பட்டியலை வாங்கி, அவர்கள் எதிரிலேயே பட்டுவாடா செய்வது நன்று.

பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யுமிடத்தில் தொழிலாளர் அரசுக் காப்பீடும், இருபது பேருக்குக் குறையாத இடத்தில் வருங்கால வைப்பு நிதியும் போனஸும் வருகின்றன. நம் தறிக்காரர்களில் பலருக்கு இவை எட்டாத எண்ணிக்கைகள். ஆகவே இங்கு விரிக்கவில்லை. சங்கத்தின் சாயப்பட்டறையும் அலுவலகமும் சேர்ந்தால் எண்ணிக்கை எட்டக்கூடும் என்பதை நிர்வாகக் குழுவினர் கவனிக்கட்டும்.

இனி, புத்தகம். "எழுதவும் படிக்கவும் நேரம் எங்கே?" என்று சலித்துக்கொள்பவர்கள் ஒரு விஷயத்தை அறிய வேண்டும். கூலி பாக்கி என்று ஒருவர் மனுச் செய்தால், கொடுத்துவிட்டேன் என்று நிரூபிக்கும் பாரம் முதலாளியுடையது. கொடுக்கவில்லை என்று தொழிலாளி நிரூபிக்க வேண்டியதில்லை. மனுச் செய்ய இப்போது மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. பாக்கியுடன் அதைப்போல் பத்து மடங்கு வரை நஷ்ட ஈடும் விதிக்கலாம். குறைத்துக் கொடுத்த குற்றத்துக்கு முதல் தடவை 50,000 ரூபாய் வரை அபராதம். ஐந்தாண்டுக்குள் மறுபடி செய்தால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். விவசாயத்துக்கு ஐந்து பேருக்கு மேற்படாமல் ஆள் வைத்திருப்பவருக்குப் பதிவேடு, கூலிச்சீட்டு ஆகியவற்றிலிருந்து விலக்கு உண்டு. அவரும் கூலி கொடுத்ததற்குத் தக்க ஆதாரம் கேட்டால் காட்ட வேண்டும்.

நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். ஆளுக்கு ஒரு பக்கம். தேதி, செய்த வேலை, சேர்ந்த கூலி, பிடித்தமும் அதன் காரணமும், கொடுத்த தொகை, கையெழுத்து. முன்பணத்துக்கு அதே பக்கத்தின் பின்புறம் தனிக் கணக்கு. கூலிச்சீட்டும் இந்த விவரங்களையே கொண்டது. தமிழில் எழுதி, படிக்கத் தெரியாதவருக்கு வாய்விட்டுப் படித்தும் காட்ட வேண்டும்.

சரக்கு விற்ற பணம் வராததால் கூலி தாமதமாயிற்று என்ற சமாதானத்தைச் சட்டம் ஏற்பதில்லை. தறிக்காரருக்கு இது உண்மையிலேயே கஷ்டம். சேலை சங்கத்துக்குப் போய், தரம் பார்த்து, பணம் கைக்கு வர நாளாகிறது. நான்கு தறி வைத்திருப்பவர் ஒரு மாதக் கூலியளவு தொகையைச் சங்கத்தில் தனி வைப்பாகப் போட்டு, அதிலிருந்து எடுப்பதும் நிரப்புவதுமாக நடத்தலாம். ஒரே மூச்சில் சேராது. சேலைக்கு 200, 300 என்று ஒதுக்கினால் ஓராண்டு ஒன்றரை ஆண்டில் சேர்ந்துவிடும். ஐந்தாவது தறி போட எண்ணுகிறவர் இந்த வைப்பு நிறைந்த பிறகு போடுவது நலம்.

கூலியை இப்போது பலர் கைப்பேசி வழியாகவே அனுப்புகிறார்கள். தேதியும் தொகையும் தாமே பதிவாகிவிடுவதால் இது நல்ல சாட்சி. தார் சுற்றும் அம்மாளின் கூலியையும் சேர்த்து அவர் கணவருடைய கணக்குக்கே அனுப்புவது மட்டும் கூடாது. அந்த அம்மாளுக்கு வங்கிக் கணக்கு இருந்தால் அதில் செலுத்துக. இல்லாவிடில் கையில் கொடுத்து, அவருக்கென்று உள்ள பக்கத்தில் அவரிடமே கையெழுத்து வாங்குக.